தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது எட்டு

லவுத்தோக்கா
14 மே 2007

அன்புள்ள என்னங்க,

இத்தனை நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பதினொன்றரை. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கத்தைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள். நிதின் இப்போதுதான் கண்ணை மூடினான். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் யாரிடமிருந்து வந்ததோ, எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

யாராவது புருஷனுக்கு ‘அன்புள்ள என்னங்க’ என்று எழுதுவார்களா என்று சிரிக்க வேண்டாம். பரணி என்று எழுதக் கை வரவில்லை. அத்தான் என்று எழுதினால் நீங்களே பயந்துவிடுவீர்கள்.

மெயில் அனுப்பாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். கீழே போன் கடைக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. இங்கிலீஷில் அடித்தால் முதலில் விரேந்திரா பாய் படிப்பார், அப்புறம்தான் நீங்கள். கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் என் வீட்டு விஷயத்தை அவருக்கு எதற்கு அடித்துக் கொடுக்க வேண்டும்?

போனில் பேசலாமென்றால் போன்தான் பிரச்சினையே. நீங்கள் கட்டி வைத்துவிட்டுப் போன சர்வர் சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நிற்க இடமில்லை. டிசம்பரில் இந்தத் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், மிஞ்சினவர்கள் நம் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். அம்மா இங்கே, மகன் ஆக்லாந்தில், மகள் வான்கூவரில், மூன்று பேரையும் ஒரே இணைப்பில் சேர்த்துவிடுவீர்களே, அதற்குத்தான் கூட்டம். அதில்தான் குரல் அறுந்து அறுந்து வருகிறது. நேற்று வட்டுகோலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அப்பலசாமி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். “இன்னாம்மா இது? எம் பொண்ணு தண்ணிக்குள்ள உக்காந்துகினு பேசுதா?”

நாம் பேசும்போதும் ஏதோ ஆகிறது. மற்றதெல்லாம் நன்றாகக் கேட்கிறது. அங்கே குளிர், பஸ்ஸில் கூட்டம், ரொட்டி தின்று நாக்கு செத்துவிட்டது, எல்லாம் கேட்கிறது. “பேப்பர் எப்ப வரும், எங்கள எப்ப கூப்பிடுவீங்க” என்று கேட்டால் மட்டும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வியாழக்கிழமை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஐந்து வரை எண்ணினேன். அப்புறம் “ஹலோ, நிரு, லைன்ல ஏதோ ப்ராப்ளம்” என்கிறீர்கள். அதற்குள் நிதின் அழுகிறான், வெளியே ஆள் நிற்கிறார், வைத்துவிடுகிறோம்.

பிப்ரவரி பத்தாம் தேதி போனீர்கள். மூன்று மாதம் என்றீர்கள். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் மூன்று மாதம் போன வாரம் முடிந்தது.

சர்வருக்கு என்ன செய்ய வேண்டும், எங்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள், இரண்டையும் எழுதுங்கள்.

உங்கள்
நிரு


ஆக்லாந்து
23 மே 2007

அன்பு நிருவுக்கு,

கடிதம் கிடைத்தது. ‘அன்புள்ள என்னங்க’ பார்த்துச் சிரித்தேன். ரூமில் இருக்கிறவன் என்ன என்ன என்று கேட்டான். சொல்லவில்லை.

நீ எழுதியதைப் பார்த்தால் சர்வரின் கடிகாரம் பிசகுகிறது என்று நினைக்கிறேன். சுவரில் மாட்டுகிற கடிகாரம் இல்லை. குரலை அந்தப் பெட்டி சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி அனுப்புகிறது. ஒரு வினாடிக்கு ஐம்பது துண்டு. தாளம் தப்பாமல் சமமாகப் போக வேண்டும். அந்தத் தாளத்தைத் தருவது உள்ளே செருகியிருக்கும் பச்சைக் கார்டு. அது வினாடிக்கு ஆயிரம் தடவை தட்டும். கொஞ்சம் முன்னே பின்னே தட்டினால் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். தண்ணிக்குள் பேசுகிற மாதிரி என்று அந்தப் பெரியவர் சொன்னது ரொம்பச் சரி.

இதற்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது. கட்டளையைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், எழுத்துக்கு எழுத்து அப்படியே அடி. அடித்ததும் வினாடிக்கு ஒரு எண் வந்துகொண்டே இருக்கும். கார்டு எவ்வளவு சரியாகத் தட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க். ஐந்து நிமிஷம் ஓடவிடு. நிறுத்தினால் கடைசியில் அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி மூன்றும் வரும். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது எட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. தொண்ணூற்றொன்பதரை வந்தால் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுப்பார்கள், இங்கே ஃபெயில்.

நாம் பேசும்போது வரும் இடைவெளிக்கும் இதுதான் காரணமாக இருக்கும். டெஸ்ட் எடுத்து எழுது.

குளிர் அதிகமாகிறது. நிதினுக்கு ஒரு ஸ்வெட்டர் பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்
பரணி


லவுத்தோக்கா
4 ஜூன் 2007

அன்புள்ள என்னங்க,

டெஸ்ட் எடுத்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உங்கள் தாள் வந்த அன்றைக்கே கடை சாத்தினபிறகு இறங்கிப்போய் அடித்தேன். முதலில் ஏதோ எழுத்து விட்டுப்போய், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லிவிட்டது. இரண்டாவது தடவை ஓடியது. 99.99, 99.98, 99.99, 100 கூட வந்தது. சராசரி 99.99. மறுநாளும் அதே. நாலு நாள் எடுத்தேன், நாலு நாளும் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளை மாதிரி நிற்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பலசாமி வந்தார், மறுபடியும் தண்ணிக்குள் மகள்.

பி.எஸ்சி. இயற்பியல் மூன்று வருஷம் லேபில் நின்றவள் இவ்வளவு நாள் கழித்து யோசிக்கிறேன் பாருங்கள். யாரும் பேசாத நேரத்தில் எடுத்தால் என்ன தெரியும்? ஆள் ஏறாத பஸ்ஸுக்கு பிரேக் பார்த்த மாதிரி. நேற்று ஞாயிறு, கடை நிறைய ஆள் இருக்கும்போதே, நிதினை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் அடித்தேன். 99.61. 99.47. ஒரு தடவை 98.9. விரேந்திரா பாய் எட்டிப் பார்த்து, “தொண்ணூத்தி எட்டு பர்சன்ட்டா? ரொம்ப நல்லா இருக்கே பெஹன், எம் பையன் நாப்பது தாண்டினதில்ல” என்றார்.

ஆக, கூட்டம் இருந்தால் பிசகுகிறது, இல்லாவிட்டால் சரி. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

ஆனால் ஒன்று. நாம் பேசுவது வியாழக்கிழமை கடை சாத்தினபிறகு. அப்போது சர்வரில் நம்மைத் தவிர யாருமில்லை. அந்த நேரத்து எண் 99.99. அப்படியானால் நாம் பேசும்போது ஏன் இடைவெளி வர வேண்டும்? நான் எடுத்ததில்தான் ஏதாவது தப்பா? இதையும் விளக்குங்கள்.

கரும்பு ஆலையில் அரவை தொடங்கப் போகிறது. காயப்போட்ட துணியெல்லாம் இனிமேல் கரிதான். பக்கத்து வீட்டு சுஷீலா அக்கா நிதினுக்குத் தினமும் ரொட்டியும் பருப்பும் ஊட்டுகிறார். என் கையால் தின்னாத பிள்ளை அவரிடம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அவருக்குத் தமிழ் பாதிதான் வரும், ஆனால் கேட்க வேண்டியதை முழுசாகக் கேட்டுவிடுவார். “இன்னா பொண்ணே, உன் ஆதமி பேப்பர் அனுப்பிச்சா?” தினமும் இதே கேள்வி.

போன கடிதத்தில் நான் கேட்டது இரண்டு. சர்வருக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். இன்னொன்றுக்கு ஒரு வரி இல்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள்.

உங்கள்
நிரு


ஆக்லாந்து
11 ஜூன் 2007

அன்பு நிருவுக்கு,

சபாஷ். ஆள் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்பதை நான் எழுத மறந்துவிட்டேன், நீயே கண்டுபிடித்துவிட்டாய்.

பச்சைக் கார்டும் நெட்வொர்க் கார்டும் உள்ளே ஒரே வழியில் முட்டிக்கொள்கின்றன. பேச்சு அதிகமானால் நெட்வொர்க் கார்டு குறுக்கே நிற்கிறது, இது தட்ட வேண்டிய நேரத்தில் தட்ட முடியவில்லை. சர்வரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத்து மூடியைக் கழற்று. பச்சைக் கார்டை உருவி, கீழே காலியாக இருக்கும் கடைசி ஸ்லாட்டில் அழுத்திச் செருகு. தொடுமுன் கையை இரும்புப் பெட்டியில் ஒரு தடவை வை. அவ்வளவுதான்.

நாம் பேசும்போது வரும் இடைவெளியும் இதிலேயே சரியாகிவிடும்.

பேப்பர் விஷயம் ஏஜென்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்
பரணி


லவுத்தோக்கா
25 ஜூன் 2007

அன்புள்ள என்னங்க,

கார்டை மாற்றிவிட்டேன். பதினாறாம் தேதி சனிக்கிழமை மதியம் கடை சாத்தினதும் சுஷீலா அக்கா நிதினைப் பிடித்துக்கொள்ள, விரேந்திரா பாய் டார்ச் பிடிக்க, நான் மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு செத்த பல்லி. விரேந்திரா பாய் “ஐயோ, இதுதான் ஃபால்ட்டா?” என்று துள்ளினார். கார்டு உருவ வரவே இல்லை. உடைந்துவிடுமோ என்று விட்டு விட்டு இழுத்தேன். கடைசியில் வந்தது. கீழ் ஸ்லாட்டில் செருகி, மூடி, பிளக்கை மாட்டினால் பெட்டி உயிர் வந்து முனகியது. எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

மறுநாள் ஞாயிறு, கூட்டம் முழுசாக இருந்தபோது எடுத்தேன். குறைந்தபட்சம் 99.97. சராசரி 99.99. அப்பலசாமி அரைமணி நேரம் மகளோடும் மருமகனோடும் பேசிவிட்டு வெளியே வந்து, “தண்ணி வத்திப்போச்சும்மா” என்று என் தலையில் கை வைத்தார். உங்களுக்கு அந்த ஆசீர்வாதத்தில் பாதி.

இதுவரைக்கும் நல்ல செய்தி.

வியாழக்கிழமை நாம் பேசினோம். நான் கேட்டேன். ஆறு வரை எண்ணினேன். “லைன்ல இன்னும் கொஞ்சம் ப்ராப்ளம் இருக்கு போல” என்றீர்கள். நானும் வழக்கம்போல, “ஆமாங்க, லைன்தான், விடுங்க” என்றேன். வைத்தபிறகு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கார்டு சரி, எண் சரி, அப்படியும் என்றால் நான் இன்னும் எதையோ தப்பாகச் செய்கிறேன் என்று பட்டது.

நேற்று சுஷீலா அக்கா மகனோடு பேச வந்தார். அந்த ஷாலேஷும் உங்களை மாதிரி ஆக்லாந்தில் மவுண்ட் ராஸ்கில்லில்தான் இருக்கிறான். நான் ரிசீவரை வாங்கி, “ஷாலேஷ், ஒரு உதவி. இந்தியில் மாற்றி மாற்றி எண்ணுவோம். நான் ஏக் என்றால் நீ சட்டென்று துய் சொல்லு. அப்புறம் நான் தீன், நீ சார்” என்றேன்.

“பௌஜி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“சொல்லு தம்பி. ஏக்.”

“துய்.”

“தீன்.”

“சார்.”

இருபது வரை போனோம். என் வாய் மூடுவதற்குள் அவன் குரல். ஒரு தும்மலுக்குக்கூட இடமில்லை. சுஷீலா அக்கா ரிசீவரைப் பிடுங்கி, “ஏண்டா, எங்கிட்ட எப்ப கண்ணாலம் பண்ணிக்கப் போறேன்னு கேட்டா மட்டும் உனுக்குக் காது கேக்காது?” என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சர்வர் கட்டும்போது நீங்கள் எழுதின நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘மூன்று பேரும் அதற்கு மேலும் சேர்ந்து பேச மட்டும் இந்தக் கார்டின் டைமிங் தேவை. இரண்டு பேர் பேச்சுக்குத் தேவையில்லை.’ கீழே இரண்டு கோடு.

நாம் இரண்டு பேர்தானே.

இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டு கடிதத்திலும் அதுதான் காரணம் என்று எழுதினீர்கள். நான் ஒரு மாதம் ராத்திரி ராத்திரி எண் எழுதிக்கொண்டிருந்தேன். இதில் நான் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள், சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறேன். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

என்ன ஆயிற்று? வேலை போய்விட்டதா? உடம்புக்கு ஏதாவதா? வேறு யாராவதா? இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் தெரியாமல் இருப்பது அதைவிட மோசமாக இருக்கிறது.

நிரு


ஆக்லாந்து
5 ஜூலை 2007

நிரு,

வேலை இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது. வேறு யாரும் இல்லை. நிதின் மேல் சத்தியம்.

நோட்டில் இருப்பது சரி. நீ அதைத் தேடிப் படிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அவசரத்தில் வாயில் வந்தது, லைன் என்றேன். அப்புறம் அதைக் காப்பாற்ற இன்னொன்று.

டிசம்பரில் சுவாவுக்குப் போய் ஏஜென்டைப் பார்த்தேன் இல்லையா? வழியில் இரண்டு இடத்தில் பட்டாளம் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். போய்ச் சேரும்போது அங்கே மாடிப்படி வரைக்கும் ஜனம். டாக்டர், வாத்தியார், கணக்குப்பிள்ளை, எல்லாருக்கும் ஒரே நாளில் போக வேண்டும். ஏஜென்ட் தலையைத் தூக்காமல், “குடும்பம் கூடவா, பின்னாலயா?” என்றான். பின்னால என்றேன். “அப்ப தனியாளா போடறேன், சீக்கிரம் வரும்” என்று ஒரு டிக் போட்டான். நான் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொல்லலாம். பாதி படித்தேன், நிரு. தனியாகப் போகிறவன் என்றுதான் அர்த்தம் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். இங்கே வந்து நகலைப் பார்த்தால், திருமணமாகாதவர், பிள்ளைகள் இல்லை என்று இருக்கிறது.

உனக்கும் நிதினுக்கும் மனு போட வேண்டுமானால் அது பொய் என்று நான் சொல்லியாக வேண்டும். பொய் எழுதினவனை வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா, தெரியாது. ஒருவன் அனுப்பிவிடுவார்கள் என்கிறான், இன்னொருவன் மன்னிப்புக் கேட்டால் போதும் என்கிறான்.

ஏஜென்ட் ஒரு வழி சொல்கிறான். நீ எனக்கு நிச்சயமான பெண் என்று வந்துவிடலாமாம். இங்கே புதிதாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் உன் பக்கம் சரியாகிவிடும். நிதினை அந்த மனுவில் காட்ட முடியாது. ஒரு வருஷம் கரூரில் உன் அம்மாவிடம் விட்டுவைத்தால், அப்புறம் தத்து எடுப்பது மாதிரி ஏதோ பண்ணி அழைத்துக்கொள்ளலாம் என்கிறான். இப்படி நிறையப் பேர் வந்திருக்கிறார்களாம்.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. திரும்பி வந்தால் அங்கே என்ன இருக்கிறது? அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? உன்னிடம் எதைச் சொல்வது என்று புரியாமல்தான் அந்த ஐந்து வினாடி, ஆறு வினாடி.

யோசித்து எழுது. நீ எப்படிச் சொன்னாலும் சரி.

பரணி


லவுத்தோக்கா
16 ஜூலை 2007

அன்புள்ள என்னங்க,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை வேறு யாரும் இல்லை என்ற வரியிலேயே நின்றுவிட்டேன், அழுகை வந்தது, நிம்மதியில்தான். இரண்டாவது தடவைதான் மீதி புரிந்தது. எனக்குக் கோபமா என்று கேட்டால் தெரியவில்லை. காலையில் இருக்கிறது, சாயங்காலம் உங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது, மறுபடி ராத்திரி கோபம். நீங்களாவது ஒன்றைத் தெளிவாகச் செய்திருக்கக் கூடாதா?

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஏஜென்ட் சொன்ன வழியை நான் உடனே தூக்கி எறியவில்லை. ஒரு வருஷம்தானே என்று நினைத்தேன். அம்மா பார்த்துக்கொள்வாள். இங்கே யார் யாரோ எப்படி எப்படியோ போகிறார்கள், நமக்கு மட்டும் என்ன? புதன்கிழமை அலமாரியைத் திறந்து நிதின் துணியை ஒரு பக்கமும் என் துணியை ஒரு பக்கமும் பிரித்துக் கட்டிலில் வைத்துவிட்டேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நானாகவே செய்தேன்.

சுஷீலா அக்கா வந்து பார்த்தார். “இன்னாத்துக்கு ரெண்டு மூட்டை?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் நிதினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், “காயிதத்துல இல்லாத புள்ளைய நாளைக்கு எந்த ஆபீஸ்ல போயி நீ கேப்ப? யாரோட புள்ளைன்னு கேப்ப?” என்றார்.

உங்களுக்குத் தெரியுமா? ‘தத்து எடுப்பது மாதிரி ஏதோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஏதோ’ என்ன? நான் பெற்ற பிள்ளையை நான் எப்படித் தத்து எடுப்பது? அதற்கு யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள், அம்மா இல்லாத பிள்ளை என்று யார் எழுதுவார்கள்? என் அம்மாவா?

அந்தக் காகிதத்தில் நான் இல்லை என்பதைக்கூட எப்படியோ முழுங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. அவன் இல்லை என்பதை முடியவில்லை.

வியாழக்கிழமை பதிவு ஆபீசுக்குப் போனேன். நிதின் பிறப்புச் சான்றிதழின் புது நகல் எடுத்தேன். அங்கே இருந்த பெண் தகப்பன் பெயரைப் படித்துக் காட்டி, “சரியா இருக்கா, பார்த்துக்கோ” என்றாள். சரியாக இருந்தது. நம் திருமணச் சான்றிதழையும் நகல் எடுத்து, இரண்டிலும் சான்றொப்பம் போடுகிற ஜே.பி.யிடம் முத்திரையும் கையெழுத்தும் வாங்கினேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

கூடவே இங்கிலீஷில் ஒரு கடிதமும் இருக்கிறது. அந்த ஊர் ஆபீசுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது. நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதவில்லை, பாதி படித்தேன் என்றே எழுதியிருக்கிறேன், நீங்கள் எனக்குச் சொன்னபடி. மனைவி பெயர், பிள்ளை பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கின்றன. கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. அங்கே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஏஜென்டைப் பார்க்க வேண்டாம்.

நான் செய்வது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. இதனால் உங்கள் வேலை போகலாம். திருப்பி அனுப்பினால், அதற்கு நான்தான் காரணம் என்று ஒரு நாள் நீங்கள் நினைக்கலாம். நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே வந்து நினையுங்கள். விரேந்திரா பாய் சர்வரை இனி நானே பார்த்துக்கொள்ள வேண்டும், ஆகஸ்ட்டிலிருந்து சம்பளம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் எங்களுக்குச் சாப்பாடு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். பட்டாளம் தெருவில் நின்றாலும் நிற்காவிட்டாலும் இங்கேயும் ஜனங்கள் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் நிச்சயமான பெண்ணாக நான் வரமாட்டேன். நிதினைக் கரூரில் விடமாட்டேன். எல்லாவற்றையும் யோசித்து யோசித்து, இந்த இரண்டு மட்டும்தான் எனக்குக் குழப்பமில்லாமல் இருக்கிறது.

‘நீ எப்படிச் சொன்னாலும் சரி’ என்று முடித்திருக்கிறீர்கள். அது எனக்கு வேண்டாம். நான் சொல்லிவிட்டேன், இனி நீங்கள் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை ஆபீசில் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? மாட்டேன் என்றால் அதையும் உங்கள் கையால் எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேனா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி வியாழக்கிழமை போன் செய்யாதீர்கள். நீங்கள் பேசாமல் நின்றால் உங்களுக்காக நானே ஏதாவது சொல்லி முடித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

தபால் இங்கே வந்துசேர ஐந்தாறு நாள் ஆகிறது. தள்ளிப்போடாமல் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

நிரஞ்சனா